இடி இறங்கும் வழி: கலஹா, அன்றும் இன்றும்

பங்குனி பிறந்தால் கண்டிப் பக்கத்து மலையூரான கலஹாவில் காலை வெயில் தலையைப் பிளக்கும். பகல் இரண்டு மணிக்கு மேல் தெல்தோட்டைப் பக்கத்து மலைகளில் மேகம் கட்டும். நாலு மணிக்குள் இடி. ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதைதான். ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்காத இந்த இடைக்காலங்களில்தான் இலங்கையில் மின்னல் அதிகம். பின்னேர மின்னல் பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் அடிக்கடி எச்சரிப்பதும் இந்த மாதங்களில்தான். அறுபது எழுபது வருஷத்துக்கு முன் இந்த இடிக்குப் பயந்தவை மனிதரும் மாடுகளும். வீட்டுக்குள் பயப்பட வேண்டிய சாமான் ஒன்றே ஒன்றுதான், ரேடியோ. அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை.

தோட்டத்து கிளார்க் ஐயா வீட்டிலோ டீமேக்கர் வீட்டிலோ இருந்த அந்த வால்வ் ரேடியோவுக்கு வெளியே நீளமாக ஒரு ஏரியல் கம்பி ஓடும். இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய செம்புக் கம்பி, பீங்கான் உருண்டைகளில் தொங்கி, ஜன்னலருகே கீழே இறங்கும். அங்கே ஒரு சின்னப் பலகையில் கத்தி சுவிட்ச் இருக்கும். கைப்பிடி மேலே இருந்தால் ஏரியல் ரேடியோவோடு சேரும். கீழே தள்ளினால் நிலத்தில் புதைத்த குழாயோடு சேரும். மேகம் கறுத்ததும் வீட்டிலுள்ள பெரியவர் எழுந்து போய் அதைக் கீழே தள்ளிவிடுவார். இலங்கை வானொலியில் எத்தனை நல்ல பாட்டு போனாலும் சரி, அன்றைய நிகழ்ச்சி அவ்வளவுதான். மின் அதிர்வெழுச்சியிலிருந்து சாமானைக் காப்பது என்று இன்றைக்கு நாம் பேசுகிற முழு வித்தையும் அந்தப் பலகையில் இருந்தது: வருகிற வழியை வெட்டு, மண்ணுக்குப் போகிற வழியைத் திற. ஒருவேளை மறந்துபோய் ஒரு அதிர்ச்சி உள்ளே நுழைந்தாலும் வால்வ் கொஞ்சம் தாங்கும். உள்ளே வெற்றிடமும் கம்பிச் சுருளும் தகடும்தான். மயிரிழையைவிடப் பல மடங்கு நுண்ணிய சிலிக்கன் பாதைகள் அதில் கிடையாது.

ஸ்டோரிலும் அப்படித்தான். தேயிலைக் கொழுந்து அரைக்கிற இடத்தைத் தோட்டத்தார் ஸ்டோர் என்றுதானே சொல்வார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர கலஹாவிலிருந்து அதிக தூரமில்லை. அந்தக் காலத்து ஸ்டோர்களை ஓட்டியது தண்ணீர்ச் சக்கரம். பிறகு டர்பைனும் எண்ணெய் எஞ்சினும் வந்தன. கூரையடியில் ஒரு நீண்ட சாப்ட் சுற்ற, அதிலிருந்து தோல் பெல்ட்கள் ரோலர்களுக்கு இறங்கும். மலையகத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்கள் ஓடையில் தாங்களே கரண்ட் எடுத்தன. 1950 இல் எஞ்சினியர் விமலசுரேந்திரவின் பழைய கனவான லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, பிற்பாடு பொதுவலையமைப்புக் கம்பி மலைக்கு மலை இழுக்கப்பட்டதும், தோட்டத்துச் சின்ன நிலையங்களில் பெரும்பாலானவை துருப்பிடித்துப் போயின. அப்போது வந்த மோட்டரும் முரட்டு மோட்டர். ஒரு இடியில் காயில் கருகினால் லொறியில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்புவார்கள். காயில் சுற்றித் திரும்ப வரும். ஒரே மோட்டரை மூன்று தடவை சுற்றிப் பாவித்த ஸ்டோர்கள் உண்டு. நட்டம் என்பது கூலியும் செம்புக் கம்பியும் சில நாள் தாமதமும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் கதை வேறு. கண்டியைச் சுற்றி மகாவலியை மறித்துப் பொல்கொல்லை 1976 இலும் விக்டோரியா 1985 இலும் எழுந்தன. ஆனால் அந்த மலைகளின் லயக்காம்பிராக்களில் பல வருஷங்களுக்குக் குப்பி லாம்புதான். 1990 அளவில்கூட நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. தோட்டங்கள் அந்த வரிசையில் கடைசியில் நின்றன. என்றாலும் 1982 இல் ரூபவாஹினி தொடங்கியதும் லயத்துக்கும் டிவி வந்துவிட்டது. கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பேட்டரி இறங்கினால் தோளில் சுமந்து கடைவீதிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவது வாராந்திர வேலை. எலக்ட்ரிக்கல் கண்ணால் பார்த்தால் அது ஒரு விசித்திரமான பாதுகாப்பு. பேட்டரி டிவி எந்தக் கம்பத்துக் கம்பியோடும் சேரவில்லை. அதற்குப் பகை கூரைக்கு மேல் நின்ற ஏரியல் ஒன்றுதான். இடி முழங்கினால் பின்னாலிருக்கும் ஏரியல் வயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசுவார்கள். வெளியே வீசப்பட்ட வயர் நுனி மழையில் கிடக்கும். உள்ளே பெட்டி பத்திரமாக இருக்கும். வறுமை கொடுத்த பாதுகாப்பை யாரும் விரும்பி வைத்துக்கொள்வதில்லை, அதனால் கரண்ட் வந்த அன்றே அது போய்விட்டது.

கரண்ட் வந்ததோடு இடி வருகிற வழிகளும் கூடின. மின்னல் நேரே நம் கூரையில் விழ வேண்டுமென்றில்லை. அது அபூர்வம். ஒரு சாதாரண மின்னல் வீச்சில் முப்பதாயிரம் அம்பியர் அளவு மின்னோட்டம் சில மைக்ரோ செக்கன்களில் உச்சிக்கு ஏறி இறங்குகிறது. அது அடுத்த மலைச்சரிவில் உள்ள மரத்தில் விழுந்தாலே, பக்கத்தில் ஓடும் நீண்ட கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். கலஹாவில் எல்லாக் கம்பியும் நீண்ட கம்பிதான். பள்ளத்தாக்கைக் கடந்து, தேயிலை மேட்டில் ஏறி, கம்பம் கம்பமாகத் திறந்த வெளியில் தொங்கி வருகிறது.

இன்றைக்குக் கலஹா கடைவீதியில் ஒரு நடுத்தரமான பலசரக்குக் கடைக்குள் போய்ப் பாருங்கள். கல்லாவில் பில் மெஷின், காட் இழுக்கும் மெஷின், கைத்தொலைபேசிச் சார்ஜர்கள், இன்டர்நெட் ரவுட்டர், இரண்டு ஃப்ரிட்ஜ், எலக்ட்ரானிக் தராசு. மூலையில் சிசிடிவி பெட்டி. கொஞ்சத் தூரத்தில் வைத்தியசாலையும் பாடசாலைகளும் வங்கியும். முன்பு தடிப்பான இழையோடு இருந்த குண்டு பல்புகூட இப்போது எல்ஈடி; அதன் அடியில் ஒரு சின்ன சர்க்கிட் இருக்கிறது. ஆகவே பல்பே எலக்ட்ரானிக் சாமான் ஆகிவிட்டது. ஒரு இடிக்குப் பின் வீட்டில் எட்டு பல்பு ஒன்றாகப் போனது என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

அந்த சிசிடிவியைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய வில்லங்கம் முழுவதும் அதில் இருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் எட்டுத் துவாரம், எட்டு வயர். ஒன்று முன் வாசலுக்கு, ஒன்று பின்பக்கக் களஞ்சியத்துக்கு, இன்னொன்று வீதி தெரிய வேண்டுமென்று கூரை விளிம்பில் தகரத்தோடு ஒட்டிப் பொருத்திய கமராவுக்கு. மின்சாரப் பக்கம் நல்ல பாதுகாப்புப் பெட்டி மாட்டியிருக்கும். ஆனால் இடி அந்தக் கூரை விளிம்பு வயரால் வரும். முதலில் அந்த ஒரு துவாரம் செத்துப்போகும். படத்தில் ஒரு கட்டம் கறுப்பாகும். கடைக்காரர் கமரா பழுது என்று நினைத்துப் புதுக் கமரா வாங்கிப் போடுவார், அதுவும் வேலை செய்யாது. அடுத்த ஐப்பசியில் இன்னொரு கட்டம் கறுக்கும். செத்துப்போன துவாரங்களை எண்ணி அந்தக் கடை எத்தனை மின்னல் பருவம் பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

தொலைபேசி வயரும் இப்படித்தான் ஒரு காலத்தில் வாசலாக இருந்தது. செம்பு வயரில் இன்டர்நெட் வந்த வருஷங்களில் இடி முழங்கினால் ரவுட்டர்தான் முதற்பலி. இப்போது ஃபைபர் வந்த வீடுகளில் அந்த வாசல் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. தாங்குவதற்காக அந்தக் கேபிளோடு சில இடங்களில் வருகிற இரும்புக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மாற்றம் எல்லாம் கெடுதலுக்கு என்று சொல்வோருக்கு இந்த ஒன்றைக் காட்டலாம்.

ஸ்டோரிலும் காயில் சுற்றும் காலம் முழுசாக முடியவில்லை, ஆனால் மோட்டருக்கு முன்னால் இப்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டி இருக்கிறது. வாட்டும் தட்டுகளின் விசிறிகளைத் தேவைக்கேற்ப மெதுவாக ஓட்டிக் கரண்ட் பில்லைக் குறைப்பது அதுதான். தூளிலிருந்து காம்பைப் பிரிக்க கலர் சோட்டர். கமராவால் ஒவ்வொரு துகளின் நிறத்தையும் பார்த்து, வேண்டாததைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின் அது. இவற்றின் போர்டு கருகினால் கண்டியில் சுற்றிக் கொடுக்க ஆளில்லை. போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும் வரை கொழுந்து காத்திருக்காது.

இந்த இடத்தில்தான் கலஹாவில் மட்டுமல்ல, நாடு முழுக்க ஒரு தப்பான நம்பிக்கை ஓடுகிறது. வயரிங் பாஸ் ஒருவரோடு எந்தக் கடைக்காரர் பேசினாலும் இந்த வசனம் வரும்:

"ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்குதானே பாஸ், இன்னும் என்னத்துக்கு ஒரு பெட்டி?"

"தம்பி, ட்ரிப் ஆளைக் காப்பாத்துறதுக்கு. சாமானைக் காப்பாத்த அதுக்குத் தெரியாது."

அந்த பாஸ் சொல்வது கணக்கு. வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவு கண்டால் விழும். ஆனால் விழுவதற்குச் சில பத்து மில்லி செக்கன் எடுக்கும். மின்னல் அலை வந்து போவது சில பத்து மைக்ரோ செக்கனில். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பிந்தி வருகிற காவலாளியால் திருடனைப் பிடிக்க முடியாது. இதில் இன்னொரு அவலமும் உண்டு. இடிக்கு அடிக்கடி ட்ரிப் விழுகிறது, ஃப்ரிட்ஜில் மீன் கெடுகிறது என்று சிலர் அதையே நேராக இணைத்துவிடச் சொல்வார்கள். சாமான் தப்பாது, ஆளுக்கு இருந்த ஒரே காவலும் போய்விடும். அதைச் செய்துகொடுக்கிற பாஸை வீட்டுப் படி ஏறவிடக் கூடாது.

வேகத்துக்கு வேகம் ஈடுகொடுப்பது எஸ்பிடி எனப்படும் பாதுகாப்புக் கருவி. அதன் உயிர் ஒரு சின்ன வட்டமான துண்டு, வேரிஸ்டர். துத்தநாக ஒக்சைட்டைச் சுட்டெடுத்துச் செய்வது. 1960களின் கடைசியில் ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பனியில் கண்டறியப்பட்டது. சாதாரண 230 வோல்டில் அது கிட்டத்தட்ட எதையும் கடத்தாது. வோல்ட் ஏறினால், செக்கனில் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் வழிவிட்டு அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும். தேயிலை மலையில் கான் வெட்டுவது போலத்தான் இது: மழைத் தண்ணியை நிறுத்த முடியாது, மண்ணை அரிக்காமல் பக்கவாட்டில் வடித்துவிட வேண்டும். கானின் முடிவு அடைபட்டிருந்தால் தண்ணி மேலே வழிந்து தேயிலைக்குள்ளேயே பாயும். கலஹாவில் பெரும்பாலான கட்டடங்களில் அடைபட்டிருப்பது அந்த முடிவுதான்.

முடிவு என்றால் எர்த். பழைய ரேடியோக்காரர் குழாய் புதைத்து, அதற்குள் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் ஒரு வாளி தண்ணியும் ஊற்றினார். இன்றைக்கு வீடு கட்டும்போது கடைசி நாளில், பூச்சு வேலையும் முடிந்து, காசும் முடிந்த பிறகு, ஒரு செம்பு பூசிய கம்பியைச் சுவரோரம் அடிப்பார்கள். மலையில் இரண்டு அடியில் கல் தட்டும். மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு வயரைப் பூட்டிவிடுவார்கள். மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. இலங்கை முறையில் ஒவ்வொரு கட்டடமும் தன் எர்த்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்; ட்ரான்ஸ்போமரடியில் மின்சார சபை போட்டிருக்கும் எர்த் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே நம் அரைகுறைக் கம்பிக்கு உதவி எங்கிருந்தும் வராது.

மாசி மாதம் கண்டிப் பக்கத்தில் மழை மிகக் குறைவு. மண் காய்ந்து, எர்த்தின் தடை ஏறி உச்சத்தில் நிற்கும். பங்குனியில் வருகிற முதல் இடி அந்தக் காய்ந்த மண்ணின் மேல்தான் வரும். வருஷத்தில் எர்த்தைச் சோதிக்க ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அது மாசிக் கடைசி. மழை நின்ற அடுத்த நாள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது தன்னையே ஏமாற்றுவது.

இன்னும் இரண்டு பிழைகள் படித்தவர்கள் இருக்கிற கட்டடங்களில்தான் அதிகம். ஒன்று, கம்பியூட்டருக்கென்று தனி எர்த். சுத்தமான எர்த் என்று சொல்லி ஒரு புதுக் கம்பியை வேறு மூலையில் அடித்துவிட்டு, பழைய எர்த்தோடு சேர்க்காமல் விடுவது. மின்னல் நேரத்தில் இரண்டு கம்பிக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும். அந்த வித்தியாசத்தின் நடுவே மாட்டிக்கொள்வது அதே கம்பியூட்டர். ஒரு கட்டடத்தில் எத்தனை எர்த் கம்பி இருந்தாலும் எல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும், டிவி டிஷ்ஷின் தாங்கியும் சிசிடிவி பெட்டியும் உட்பட. மற்றது வயரின் நீளம். எஸ்பிடியை மெயின் போர்டின் ஒரு மூலையில் பூட்டி, அழகாகச் சுற்றி வளைத்து ஒன்றரை மீட்டர் வயரில் இணைப்பது. ஒவ்வொரு மைக்ரோ செக்கனுக்கும் ஆயிரம் அம்பியர் ஏறும்போது ஒரு மீட்டர் வயரில் மட்டும் சுமார் ஆயிரம் வோல்ட் தேங்கும். கருவியே நல்ல ஜெர்மன் சாமானாக இருந்தாலும் அந்த வயர் அதன் வேலையைத் தின்றுவிடும். மொத்தம் அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச விதி சொல்வது இதனால்தான். வயரிங் அழகு என்பதற்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு, தெரியும். இந்த ஒரு இடத்தில் அது வேண்டாம்.

பூட்டிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. எஸ்பிடியின் முகத்தில் ஒரு சின்ன ஜன்னல்; பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் வேரிஸ்டர் தன் கடமையைச் செய்து செத்துவிட்டது. போர்டின் மூடி எப்போதும் சாத்தியே இருப்பதால் சிவப்பானது தெரியாமலே இரண்டு மூன்று வருஷம் ஓடும். கடையில் வாங்கும் மல்டிப்ளக்கில் "சேர்ஜ் ப்ரொடெக்டட்" என்று எழுதியிருப்பதும் அப்படியே. திறந்து பார்த்தால் சில வேளை நீல நிறத்தில் ஒரு வட்டத் துண்டு இருக்கும், சில வேளை ஒன்றுமே இருக்காது. எர்த் இணைப்பு இல்லாத சொக்கட்டில் செருகினால் இருந்தும் பாதிப் பயன்தான்.

மின்னலைப் பற்றி இவ்வளவு பேசினாலும், சாமான் எரிவதற்கு மின்னல் மட்டும் காரணமில்லை. சவுக்கு மரக் கிளை முறிந்து விழுந்து நியூட்ரல் கம்பியை அறுத்தால் வருவது வேறு வகை ஆபத்து. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான அந்தக் கம்பி போனால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் முந்நூறு, முந்நூற்றைம்பது வோல்ட் போகும், நானூறை எட்டவும் கூடும். அது மைக்ரோ செக்கனில் முடியாது. யாராவது ட்ரான்ஸ்போமரை நிறுத்தும் வரை நீளும். வேரிஸ்டரால் அதைத் தாங்க முடியாது, அதுவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதற்கு வேண்டியது வோல்ட் ஏறினால் இணைப்பைத் துண்டித்து, சரியான பின் திரும்பச் சேர்க்கும் வோல்டேஜ் ப்ரொடெக்டர். இடிக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

இதோடு 2022 இன் மின்வெட்டுகளையும் சேர்க்க வேண்டும். மார்ச் 31 அன்று பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த மாதங்களில் சாமான்கள் கெட்டது பெரும்பாலும் கரண்ட் போனபோது அல்ல, திரும்ப வந்தபோது. ஊரில் உள்ள எல்லா ஃப்ரிட்ஜும் மோட்டரும் ஒரே கணத்தில் எழும்பப் பார்க்க, வோல்ட் இறங்கி ஏறித் தள்ளாடும். கரண்ட் போனதும் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் போடும் பழக்கத்தை அந்த வருஷம் பல வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. குரங்கைப் பற்றி நாடே சிரித்தது. மலையகத்தில் குரங்கு கம்பியில் தொங்குவது அன்றாடக் காட்சி என்பதால் இங்கே சிரிப்பு கொஞ்சம் குறைவு.

இத்தனை கருவிக்கும் நடுவே, பிளக்கைக் கழற்றி வைப்பதை விடச் சிறந்தது இன்னும் வரவில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கைகளிலும் அது இன்றுவரை இருக்கிறது; இடி முழங்கத் தொடங்கிய பிறகு சொக்கட்டில் கை வைக்கக் கூடாது, அதற்கு முன்பே கழற்ற வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஆனால் அன்று கழற்ற வீட்டில் ஆள் இருந்தது. இன்று பிள்ளைகள் கொழும்பில், மற்றவர்கள் வேலையில். நாலு மணி இடிக்கு வீட்டில் இருப்பது பூட்டிய கதவும் ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரும்தான். சிசிடிவியையும் மருந்துக் கடையின் ஃப்ரிட்ஜையும் கழற்றி வைக்கவும் முடியாது. பெட்டி வாங்க வேண்டிவந்தது அதனால்.

கட்டடச் சொந்தக்காரர் கடைக்காரராக இருந்தால் இதெல்லாம் காசுக் கேள்வி. லயத்தில் அது அப்படியில்லை. காம்பிரா தோட்டத்துடையது, கூரைத் தகரம் பத்துக் காம்பிராவுக்கும் ஒன்று, சில லயங்களில் ஒரு காம்பிராவிலிருந்து அடுத்ததுக்கு வயர் இழுத்திருக்கும். எர்த் கம்பி யாருடையது, யார் அடிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய காசில் வாங்கிய டிவி அந்த வரிசையில் ஒரு இடியில் போகும். பக்கத்துக் காம்பிரா டிஷ் வழியாக வந்த இடி இந்தக் காம்பிரா டிவியை எரித்த கதை லயங்களில் சாதாரணம்.

மலையகத்தில் இப்போது தனி வீடுகள் எழும்பி வருகின்றன, இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்டவையும் அதில் உண்டு. ஏழு பேர்ச் காணி, சொந்தச் சுவர், சொந்த மீட்டர். எர்த் கம்பியை அத்திவாரம் தோண்டும்போதே போடச் சொல்ல வேண்டும். குழி ஏற்கெனவே திறந்திருக்கும், கல் எங்கே இருக்கிறது என்பதும் மேசன் பாஸுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கம்பி, ஒன்றுக்கொன்று ஒரு கம்பி நீளமாவது தள்ளி, வெறும் செம்பு வயரால் சேர்த்துப் புதைத்தால் நல்லது. இடம் தேர்வதானால் குளிக்கிற தண்ணி வழிந்தோடுகிற பக்கம் பாருங்கள். மாசியிலும் அந்த மண் காய்வதில்லை.